மின்சாரக் கார் நெடுஞ்சாலையில் நடுங்குவது ஏன்?

அன்பர்கள் பலர் இப்பொழுது மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார்கள். வாகன பூசைக்கு வரும் புது வண்டிகளைப் பார்த்தாலே இது தெரியும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டறையில் வேலை பார்த்தவன் என்பதால் அவர்களில் சிலர் என்னிடம் ஒரே குறையைக் கூறுகிறார்கள். பட்டணத்துக்குள் ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி 90, 100 என்று வேகம் கூடியதும் வண்டி நடுங்குகிறது என்கிறார்கள். மோட்டார் போய்விட்டதோ, பேட்டரி போய்விட்டதோ என்று அவர்களுக்குக் கவலை.

பெரும்பாலும் அப்படி இராது. சிறு கணக்கொன்று பாருங்கள். காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உருளும். 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 30 மீட்டர் ஓடுவதால், சக்கரம் விநாடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. மோட்டாரோ பல மின்சாரக் கார்களில் சக்கரத்தைவிட ஏறக்குறைய 9 மடங்கு வேகமாகச் சுற்றும். அதில் கோளாறு இருந்தால் காதுக்கு ரீங்காரமாகக் கேட்கும். கையில் பிடித்திருக்கும் ஸ்டீரிங் தடதடவென்று ஆடாது. அந்தத் தடதடப்பு சக்கரம் சுற்றும் வேகத்தில் வருவது. முதலில் தேட வேண்டிய இடமும் சக்கரமே.

ரிம்மின் ஒரு பக்கத்தில் 30 கிராம் எடை கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 110-இல் அந்த 30 கிராம் சுமார் 6 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு சக்கரத்தை இழுக்கும். அதுவும் விநாடிக்கு 15 தடவை. 55-இல் அது காற்பங்காகக் குறைந்துவிடும். அதனால்தான் பட்டணத்துக்குள் தெரிவதில்லை. பெட்ரோல் வண்டியிலும் இதே கதைதான். அங்கே எஞ்சினின் இரைச்சலில் பாதி அடங்கிப்போகும். மின்சாரக் காரின் அமைதியில் எதுவும் மறைவதில்லை.

நடுக்கம் எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். ஸ்டீரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம். இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். மின்சாரக் காரில் மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துவிடுவதால் டிஸ்க் அதிகம் தேயாமல் துருப்பிடித்துக் கிடக்கும். அடுத்தது, ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் வரும் நடுக்கம். இது சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். பெட்ரோல் வண்டியில் காலை எடுத்தாலே இது விளங்கிவிடும். மின்சாரக் காரில் காலை எடுத்தால் மோட்டார் எதிர்ப்புறமாகப் பிடிக்கும். ஷாஃப்டில் பாரம் குறையாது. ஆகவே வண்டியின் கையேடு அனுமதித்தால், வெறிச்சோடிய நேர்ச்சாலையில் சில விநாடிகள் நியூட்ரலில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் நடுங்கினால் பழி சக்கரத்தின் மீதுதான்.

என் தமக்கை மகனின் வண்டியில் இந்தச் சோதனைதான் கைகொடுத்தது. "மாமா, மோட்டாரைக் கழற்றிப் பார்க்கணும், பல ஆயிரம் வெள்ளி ஆகுமாம்" என்று வந்து நின்றார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போகவே அவருக்குப் பயம். இரண்டு முறை பேலன்சிங் செய்தாகிவிட்டது. இயந்திரம் இரண்டு முறையும் பூச்சியம் காட்டியிருக்கிறது. நியூட்ரலில் ஓட்டிப் பார்த்தோம், நடுக்கம் அப்படியே இருந்தது. சக்கரத்தைக் கழற்றியதும் விளங்கிவிட்டது. அழகுக்காக வேறு ரிம் மாட்டியிருந்தார். அதன் நடுத்துளை வண்டியின் ஹப்பைவிடப் பெரியது. இடைவெளியை நிரப்பும் வளையம் போடவில்லை. பேலன்சிங் இயந்திரத்தில் சரியாக மையத்தில் நின்ற சக்கரம், வண்டியில் மயிரிழை விலகி நின்றது. ஹப்பில் இருந்த துருவைத் தேய்த்து, நான்கு வளையங்கள் போட்டதும் நடுக்கம் நின்றது. செலவு நூறு வெள்ளிகூட ஆகவில்லை.

மின்சாரக் கார்களுக்கென வரும் டயர்கள் பலவற்றில் ஓசையைக் குறைக்க உள்ளே பஞ்சு ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் ஒட்டும்போது அதை வெட்டியெடுத்தாலோ, பசை விட்டு அது நகர்ந்தாலோ எடை மாறிவிடும். பஞ்சருக்கு ஊற்றும் திரவம் டயருக்குள் தேங்கினாலும் அப்படியே. பேலன்சிங் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு காட்டினால் டயரைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஆடினால், டயரை உருளையால் அழுத்திச் சுற்றிப் பார்க்கும் இயந்திரம் உள்ள கடைக்குப் போக வேண்டும். பள்ளத்தில் விழுந்து வளைந்த ரிம்மும் டயரின் ஒரு பக்க விறைப்பும் அதில் தெரிந்துவிடும். நடுக்கத்துக்கு அலைன்மெண்ட் செய்து காசு செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் டயர் ஓரம் தேய்வதற்கும் அது மருந்து, நடுக்கத்துக்கு அல்ல.

நேற்றுவரை இல்லாத நடுக்கம் திடீரென்று வந்து நிமிடத்துக்கு நிமிடம் கூடினால் மேலே சொன்ன சோதனை எதுவும் வேண்டாம். நட்டு தளர்ந்திருக்கலாம், டயர் உள்ளே பிளந்திருக்கலாம். வேகத்தை மெல்லக் குறைத்து ஓரமாக நிறுத்தி, உதவிக்கு ஆள் அழையுங்கள்.

வண்டியைத் தூக்கும்போது கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. பல மின்சாரக் கார்களில் அடிப்பாகம் முழுவதும் பேட்டரி. கையேட்டில் குறித்த இடத்தில் மட்டுமே ஜாக் வைக்க வேண்டும். நட்டுகளைக் குறித்த அளவுக்கு, எதிரெதிராக முடுக்கச் செய்து, 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.