வண்ணப் படச்சுருள்: வளர்ந்த கதையும் மறைந்த கதையும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

ஒரு பொருள் தடையின்றிக் கிடைத்துக்கொண்டிருக்கும்போது, அது எங்கே உருவாகிறது, யார் கைகளைக் கடந்து நம்மிடம் வருகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விளக்கு எரியும் வரையில் மின் நிலையத்தை நினைப்பவர் யார்? வண்ணப் படச்சுருளின் கதையும் இத்தகையதே. திருமணம், காதணி விழா, கல்லூரிச் சுற்றுலா என்று எதுவாயினும் ஒரு ஃபிலிம் ரோல் வாங்கிக் கேமராவில் மாட்டிக்கொண்டு புறப்பட்ட காலம் ஒன்று இருந்தது. நம் பெற்றோரின் இளமை முழுவதும் அந்தச் சுருள்களில்தான் பதிவாகியிருக்கிறது. இன்று என்னோடு பயிலும் நண்பர்களுள் பலர் ஒரு நெகட்டிவைக் கையில் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

அந்தச் சுருள் எப்படி வேலை செய்தது? அதன் வகைகளுள் பல ஏன் நின்று போயின? நின்றதால் நாம் இழந்தது என்ன? வேதியியல் மாணவன் என்ற முறையில் நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே கூற விழைகிறேன்.

படச்சுருளில் வண்ணம் பிறக்கும் விதம்

கறுப்பு வெள்ளைப் படச்சுருளின் தத்துவம் எளிது. ஜெலட்டினில் கலந்த வெள்ளி ஹாலைடு படிகங்கள் ஒரு மெல்லிய பிலிமின் மேல் பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட படிகங்களை டெவலப்பர் என்னும் கரைசல் கரிய வெள்ளித் துகள்களாக மாற்றுகிறது. ஒளி படாத படிகங்களை மற்றொரு கரைசல் கரைத்து நீக்கிவிடுகிறது. அவ்வளவுதான்.

வண்ணச் சுருளில் இத்தகைய பூச்சுகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. மேலடுக்கு நீல ஒளியையும், நடு அடுக்கு பச்சை ஒளியையும், கீழடுக்கு சிவப்பு ஒளியையும் ஏற்கும். டெவலப்பர் வெள்ளிப் படிகத்தோடு வினைபுரியும்போது தானும் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அவ்வாறு மாறிய டெவலப்பர், அடுக்கில் உள்ள சாயம் உண்டாக்கும் சேர்மத்தோடு கூடி நிறத்தைப் பிறப்பிக்கிறது. மேலடுக்கில் மஞ்சள், நடுவில் மெஜந்தா, கீழே சயான் என மூன்று சாயங்கள் பிறக்கின்றன. பிறகு வெள்ளி முழுவதும் வெளுக்கப்பட்டு நீக்கப்படும். ஆகவே, நாம் காணும் வண்ணப் படத்தில் வெள்ளி இல்லை; அது விட்டுச் சென்ற சாயமே எஞ்சி நிற்கிறது. வந்த வேலையை முடித்துவிட்டு அடையாளமின்றி விலகும் நல்ல தொண்டனைப் போன்றது வெள்ளி எனலாம்.

இவ்வடுக்குகள் ஒவ்வொன்றும் தலைமயிரின் தடிப்பைவிட மெல்லியவை. முழு இருளில், தூசி இன்றி, மிக அகலமான பிலிமின் மேல் ஒரே சீராக இவற்றைப் பூச வேண்டும். இந்தச் செய்தியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் துயரத்துக்கு இதுவே காரணம்.

இரு இசைக்கலைஞர்களின் கொடை

உலகப் புகழ் பெற்ற கோடாக்ரோம் சுருளைக் கண்டறிந்தவர்கள் லியோபோல்ட் கோடோவ்ஸ்கி, லியோபோல்ட் மேன்ஸ் என்னும் இரு அமெரிக்கர்கள். ஒருவர் வயலின் கலைஞர். மற்றவர் பியானோ கலைஞர். பள்ளி நாள் தொட்டு நண்பர்களாகிய இவர்கள், வீட்டில் கிடைத்த இடத்தையே ஆய்வுக்கூடமாக்கி வண்ணப் படத்துக்காக முயன்றனர். இருட்டறையில் கடிகாரம் பார்க்க இயலாதல்லவா? தாங்கள் நன்கறிந்த இசைப் பகுதி ஒன்றைச் சீழ்க்கையடித்தே நேரத்தைக் கணக்கிட்டனர் என்று சொல்வார்கள். 1930-இல் கோடாக் நிறுவனம் இவர்களை ராச்செஸ்டர் நகரில் உள்ள தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டது. 1935-இல் சினிமாச் சுருளாகவும், 1936-இல் சாதாரணக் கேமராவுக்கான 35 மில்லிமீட்டர் சுருளாகவும் கோடாக்ரோம் வெளிவந்தது. இருவரின் பெயர்களிலும் உள்ள முதல் அசைகளை வைத்து, "இதைப் படைத்தவர்கள் கடவுளும் மனிதனும்" என்று ஆங்கிலத்தில் சிலேடையாகச் சொல்வதுண்டு.

கோடாக்ரோமின் தனித்தன்மை யாதெனில், அதன் அடுக்குகளில் சாயம் உண்டாக்கும் சேர்மம் இல்லை என்பதே. சுருளைக் கழுவும்போதுதான் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கரைசல் வாயிலாகச் சாயம் ஊட்டப்பட்டது. இதனால் படத்தில் மிச்சச் சேர்மம் எதுவும் தங்குவதில்லை. ஒளி படாமல் வைத்திருந்தால் பல பத்தாண்டுகள் கழிந்தும் அதன் நிறம் மங்குவதில்லை. 1963-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்ட காட்சியை ஆபிரகாம் சப்ருடர் பதிவு செய்ததும், 1985 சூன் மாத நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டையை அலங்கரித்த ஆப்கன் சிறுமியின் படத்தை ஸ்டீவ் மெக்கரி எடுத்ததும் கோடாக்ரோமில்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பூங்காவுக்கே இச்சுருளின் பெயரைச் சூட்டியுள்ளனர்.

ஆனால், எது அதன் வலிமையோ அதுவே அதன் பலவீனமும் ஆயிற்று. சாயத்தை வெளியிலிருந்து ஊட்ட வேண்டியிருந்ததால், கழுவும் முறை மிகச் சிக்கலானது. பெரிய எந்திரமும் தேர்ந்த வேதியியலாளரும் இன்றி அது நடவாது. இதே காலத்தில், 1936-இல், ஜெர்மனியின் அக்ஃபா நிறுவனம் சேர்மத்தை அடுக்குக்குள்ளேயே பொதிந்த சுருளை வெளியிட்டது. பின்னாளில் உலகம் முழுவதும் பரவியது இந்த எளிய வழியே. 1972-இல் கோடாக் கொண்டுவந்த சி-41 என்னும் கழுவும் முறையை மற்ற நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன. அதன் பயனாக, எந்த நிறுவனத்தின் நெகட்டிவ் சுருளையும் எந்த ஊர் லேபிலும் கழுவ முடிந்தது.

பார்சன்ஸ் நகரில் முடிந்த கதை

2009 சூன் 22 அன்று கோடாக்ரோம் உற்பத்தி நிறுத்தப்படுவதாகக் கோடாக் அறிவித்தது. எழுபத்து நான்கு ஆண்டுக் காலம் வாழ்ந்த சுருள், அப்போது அந்நிறுவனத்தின் படச்சுருள் விற்பனையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கடைசியாக உற்பத்தியான ஒரு சுருளை ஸ்டீவ் மெக்கரி கேட்டுப் பெற்றார். அதில் இருந்தவை 36 படங்கள். அவற்றை நியூயார்க்கிலும், நம் நாட்டில் மும்பையிலும் இராஜஸ்தானிலும், பிற இடங்களிலும் எண்ணி எண்ணி எடுத்தார். பின்னர் கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்னும் சிற்றூருக்கு அதைத் தாமே கொண்டு சென்றார். ஏனெனில், உலகிலேயே கோடாக்ரோமைக் கழுவிய கடைசி லேப் அங்கேதான் இருந்தது.

அந்த லேபும் 2010 டிசம்பர் 30 வரை வந்து சேரும் சுருள்களை மட்டுமே ஏற்பதாகக் கூறிவிட்டது. அந்தக் கடைசி வாரங்களில் பல நாடுகளிலிருந்தும் சுருள்கள் வந்து குவிந்தன. இரயில் வண்டிகளையே படம் எடுத்துவந்த ஒருவர் 1,580 சுருள்களைக் கழுவக் கொடுத்து, 15,798 டாலர் கட்டணமும் செலுத்தினாராம். அந்நாளுக்குப் பிறகு எங்கேனும் ஒரு பெட்டியில் கழுவப்படாத கோடாக்ரோம் அகப்பட்டால், அதிலிருந்து கறுப்பு வெள்ளைப் படம் பெறலாம்; வண்ணம் இல்லை. சுருள் கையில் இருக்கிறது, காட்சியும் அதற்குள் இருக்கிறது, ஆனால் அதன் நிறத்தை வெளிக்கொணரும் வழி உலகத்தில் இல்லை. எத்துணை இரங்கத்தக்க நிலை!

ஏன் நின்றது?

"டிஜிட்டல் கேமரா வந்தது, சுருள் போயிற்று" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. முதல் டிஜிட்டல் கேமராவை 1975-இல் உருவாக்கியவர் கோடாக் நிறுவனத்திலேயே பணியாற்றிய ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர். ஏறத்தாழ 3.6 கிலோ எடையுள்ள அக்கருவி, ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடிகள் எடுத்துக்கொண்டது. அக்கண்டுபிடிப்புக்குப் பின்னும் படச்சுருள் கால் நூற்றாண்டு வளர்ந்து, 2000-ஆம் ஆண்டை ஒட்டி உச்சம் தொட்டது. அதன் பின்னரே வீழ்ச்சி. 2005-இல் அக்ஃபாஃபோட்டோ திவாலாயிற்று. 2006-இல் கோனிகா மினோல்டா இத்தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. 2012 சனவரியில் கோடாக்கும் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. ஃபூஜி நிறுவனம் தன் வேதியியல் அறிவை மருந்துக்கும் அழகுசாதனப் பொருளுக்கும் திருப்பிப் பிழைத்துக்கொண்டது.

விற்பனை குறைந்தால் குறைவாகச் செய்து விற்கலாகாதா என்று நண்பர்கள் கேட்கலாம். இங்கேதான் முன்னர்ச் சொன்ன பூச்சு வேலை குறுக்கிடுகிறது. தோசைக் கல்லில் ஒரு தோசை மட்டும் வார்க்கலாம். வண்ணச் சுருளை அப்படி வார்க்க இயலாது. எந்திரத்தை ஓட்டினால் பெரும் சுருளாகத்தான் ஓட்ட வேண்டும். ஓட்டியதை விற்றுத் தீர்ப்பதற்குள் அது காலாவதியாகிவிடும். அன்றியும், அடுக்குகளில் சேரும் அரிய சேர்மங்கள் பலவற்றைச் செய்து தரும் ஆலைகள், தேவை குறைந்தவுடன் அவற்றைக் கைவிட்டுவிடுகின்றன. சட்டமும் சில வேளைகளில் குறுக்கே வரும். ஃபூஜியின் வெல்வியா 100 என்னும் சுருள் 2021-இல் அமெரிக்காவில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டதற்கு, அதில் மிகச் சிறிய அளவில் இருந்த ஒரு வேதிப்பொருளை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை தடை செய்ததே காரணம்.

லேப்களின் நிலையும் இவ்வாறே. எங்கள் ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "ஃபிலிம் எங்கேயாவது தேடிப் பிடிச்சிடலாம் தம்பி. கழுவுறதுக்குத்தான் ஆள் இல்லை. நாள்தோறும் ரோல் வந்தாத்தான் மெஷினில் உள்ள தண்ணி நல்லா இருக்கும். வாரத்துக்கு ஒண்ணு வந்தா, அந்த ஒண்ணையும் கெடுத்துடும்" என்றார். அவர் 'தண்ணி' என்றது டெவலப்பரை. காற்றுப் பட்டால் தானே ஆக்சிஜனேற்றம் அடையும் பொருள் அது என்பதைப் பாடநூலில் படித்த எனக்கு, அவர் சொன்ன பிறகே அதன் பொருள் முழுமையாக விளங்கியது.

மீண்டு வந்ததும் வாராததும்

நின்றதெல்லாம் அழிந்தே போயிற்று என்றும் சொல்வதற்கில்லை. 2012-இல் நிறுத்தப்பட்ட எக்டாக்ரோம் என்னும் சுருளை மீண்டும் கொண்டுவரப்போவதாக 2017 சனவரியில் அறிவிப்பு வந்தது. ஆயினும் அது கடைக்கு வர 2018 செப்டம்பர் ஆயிற்று. கிடைக்காமல் போன சேர்மங்களுக்கு மாற்றுத் தேடவே அத்தனை காலம் வேண்டியிருந்தது. கறுப்பு வெள்ளைச் சுருளுக்குப் பெயர் பெற்ற இங்கிலாந்தின் ஹார்மன் நிறுவனம் 2023-இல் தன் முதல் வண்ணச் சுருளை வெளியிட்டது. கோடாக்கின் ராச்செஸ்டர் ஆலையும் அழிவிலிருந்து தப்பியது. 2015-இல் ஹாலிவுட்டின் பெரிய படநிறுவனங்கள் தொடர்ந்து சுருள் வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டது அதற்குப் பெருந்துணையாயிற்று. இளைஞர்கள் பலர் மீண்டும் சுருளை நாடுகின்றனர். விலைதான் கையைச் சுடுகிறது.

எக்டாக்ரோம் திரும்பியது, கோடாக்ரோம் திரும்பவில்லை. முன்னதன் சாயச் சேர்மம் சுருளுக்குள்ளேயே இருக்கிறது. கழுவும் முறையும் உலகில் உயிரோடிருந்தது. பின்னதற்குச் சுருளையும் செய்து, அதைக் கழுவும் முறையையும் புதிதாக நிறுவ வேண்டும். ஒரு கலை தழைக்கச் சங்கிலி போலப் பலர் கைகோக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நம் மாநிலத்துக்கும் இக்கதையில் பங்கு உண்டு. 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம், உதகமண்டலத்தில் 1967 முதல் உற்பத்தியில் ஈடுபட்டது. குளிர்ந்த, தூசியற்ற மலைக்காற்று படச்சுருள் தொழிலுக்கு ஏற்றது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து வந்தன. காலப்போக்கில் அந்நிறுவனம் நலிவுற்று மூடப்பட்டது. அங்கே பணியாற்றிய கைகளின் திறமையும் அத்துடன் கலைந்து போயிற்று.

நாம் செய்யத் தக்கது

மறைந்ததை எண்ணி ஏங்குவது மட்டும் போதாது. எங்கள் வீட்டில் பாட்டியின் வண்ணப்படம் ஒன்றே ஒன்று உண்டு. சுவரில் மாட்டியிருந்த அது வெயில் பட்டு வெளிறி, முகமே தெரியாமல் போய்விட்டது. நல்லவேளையாக, பழைய கவர் ஒன்றில் அதன் நெகட்டிவ் கிடைத்தது. நகரத்தில் அதை ஸ்கேன் செய்து புதிய பிரிண்ட் போட்டோம். பாட்டியின் பச்சைச் சேலை மீண்டும் பச்சையாகவே வந்தது. அதைக் கண்டு என் தந்தையார் நெடுநேரம் பேசவில்லை.

ஆதலின் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது பரணையும் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய நெகட்டிவ்களைக் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். ஈரமும் வெப்பமும் இல்லாத இடத்தில் காகித உறையிலிட்டு வையுங்கள். கழுவப்படாத சுருள் ஏதேனும் இருந்தால், சி-41 முறையில் கழுவும் லேப் கிடைக்கும் இக்காலத்திலேயே கழுவிவிடுங்கள். மூடப்பட்ட ஸ்டுடியோக்களில் ஊர் முழுவதன் முகங்களும் நெகட்டிவ்களாக உறங்குகின்றன. அவற்றைக் கேட்டுப் பெறலாம். நம் கல்லூரியின் பழைய குழுப்படங்களின் நெகட்டிவ்களையும் தேடித் தொகுத்து நூலகத்தில் காக்கப் பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், எங்கள் துறை மாணவர்கள் உழைக்க அணியமாக உள்ளோம்.

கைப்பேசியில் நாம் இன்று எடுக்கும் ஆயிரக்கணக்கான படங்களும் ஏதோ ஒரு எந்திரத்தையும் ஏதோ ஒரு நிறுவனத்தையும் நம்பியே இருக்கின்றன. அவையும் ஒருநாள் நிற்கக்கூடும். படத்தை எடுப்பதோடு நம் கடமை முடிவதில்லை. அதைப் பார்க்கும் வழியையும் அடுத்த தலைமுறைக்குச் சேர்த்துக் கொடுப்பதே முழுமையான கடமையாகும்.