சேலத்து இரும்பும் சீமை இரும்பும்

மேச்சேரிக்கு அடுத்த பொட்டனேரியில் இன்று பெரியதோர் இரும்பாலை நடைபெறுகிறது. அதன் உலைக்கு வேண்டிய கல்கரி தமிழ்நாட்டு மண்ணில் கிடைப்பதன்று; வெளியிலிருந்துதான் வரவேண்டும். தென்கிழக்கே சில மைல்களுக்கப்பால் கஞ்சமலையோ காந்த இரும்புத் தாதை வயிற்றில் அடக்கிக்கொண்டு நிற்கிறது. இந்நாட்டுக் கொல்லர் சிறு மண்ணுலைகளில் அத்தாதை உருக்கி, மூசையில் எஃகு சமைத்தவர். ‘ஊட்ஸ்’ என்று சீமையார் பெயரிட்டழைத்த அவ்வெஃகின் இரகசியத்தை அறிய, மைக்கேல் பாரடே என்ற மகா விஞ்ஞானி 1819-ஆம் ஆண்டை யொட்டிப் பரிசோதனைகள் செய்தார். அப்படியிருக்க, ஷெபீல்டு நகரம் செல்வத்தில் கொழித்ததும் சேலத்து உலைகள் அவிந்ததும் எவ்வாறு?

சீதோஷ்ணம், சோம்பல், விதி என்று காரணம் சொல்லுவோர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவரின் சரித்திரத்தைச் சற்றே கவனிக்க வேண்டும். கும்பினியின் மதராஸ் உத்தியோகத்தில் இருந்த இவ்வெள்ளையர் அதை விட்டு, 1830-ல் பறங்கிப்பேட்டையில் சீமை முறையில் இரும்பாலை அமைத்தார். கும்பினியார் முன்பணமும் கொடுத்தனர். பின்னர்க் கள்ளிக்கோட்டைக்கருகே பேப்பூரிலும், நமது காவிரிக்கரையில் பூலாம்பட்டியிலும் உலைகள் எழுந்தன. சரக்கு மட்டமானதன்று, இங்கிலாந்திற்கே கப்பலேறிற்று. ஆயினும் தாது சேலத்தில், ஆலை நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவில் கடற்கரையில். எரிபொருளோ மரக்கரி. ஒரு டன் இரும்புக்கு அதைப்போல் பன்மடங்கு எடையுள்ள விறகு வேண்டும். அருகிலிருந்த காடு தேயத்தேய, கரி வரும் வழி நீண்டது, விலையும் ஏறிற்று. இங்கிலாந்திலோ 1709-லேயே ஆபிரகாம் டார்பி நிலக்கரியைச் சுட்ட கல்கரியால் இரும்பு உருக்க வழி கண்டுவிட்டார். அங்கே தாதும் கரியும் கால்வாயும் அருகருகே கிடந்தன.

ஆகவே எல்லாப் பழியையும் அன்னிய ஆட்சியின் தலையில் ஏற்றிவிடுவது நியாயமாகாது. கரியில்லாத குறை மெய்யான குறையே. ஆனால் சுவீடன் தேசத்தாரிடமும் கரியில்லை. அவர்களும் மரக்கரியையே நம்பினர். அவர்களுடைய ராஜாங்கம் காட்டையும் உலைகளின் தொகையையும் கணக்கிட்டுக் காத்தது. மட்டமான சரக்கில் போட்டியிடாமல் உயர்ந்த சரக்கில் பெயர் வாங்கினர். ஷெபீல்டு எஃகுக்காரரே சுவீடன் இரும்பைத் தேடி வாங்கினர். எஃகில் அதற்கு நிகரான புகழ் சேலத்துக்கும் இருந்தது. அப்புகழைக் காப்பதற்கு ஒரு ராஜாங்கம் இல்லை.

இருப்புப்பாதை விஷயத்தை நோக்குக. மதராஸிலிருந்து சேலம் வழியாய்ப் பேப்பூருக்கு ரயில் 1862-ல் ஓடிற்று. இரும்பாலை இருந்த பேப்பூருக்கே போகிற பாதை. இரும்பு விளையும் சேலத்தை ஊடுருவிச் செல்கிற பாதை. தண்டவாளமோ சீமையிலிருந்து கப்பலில் வந்தது! ரயில் கம்பெனியாருக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி நமது வரிப்பணத்தினின்று உத்தரவாதம். ஹீத் ஆரம்பித்த கம்பெனியின் வாரிசோ 1870-க்கள் முடியுமுன் மடிந்தது. 1882-ல் மதராஸ் வனச்சட்டம் வந்தபின், நாட்டுக் கொல்லனுக்குக் காட்டுக் கரியும் எளிதில் கிட்டவில்லை. துணியின் கதையைப் பலர் சொல்லியாயிற்று. 1896-ல் நம் ஆலைத் துணிக்கு இங்கேயே நூற்றுக்கு மூன்றரை வரி விதித்து, 1925 வரை வசூலித்தார்கள் என்பது ஒன்றே போதும்.

ஹீத் என்னவானார்? மாங்கனீசு சேர்த்து எஃகை எளிதிற் செய்யும் முறைக்கு 1839-ல் இங்கிலாந்தில் பேட்டண்டு பெற்றார். ஷெபீல்டார் அம்முறையைச் சிறிது மாற்றிக் கையாண்டு, அவருக்குப் பணம் கொடுக்க மறுத்தனர். வியாஜ்யம் பிரபுக்கள் சபை வரை சென்று 1855-ல் அவருக்கு விரோதமாய் முடிந்தது. அதற்குள் அவர் காலமாகிவிட்டார். அவர் எழுதிக் கொடுத்தது சமைத்த பொருளை. ஷெபீல்டார் இட்டது அப்பொருள் மூசைக்குள் தானே சமைவதற்கான கச்சாவை. இந்நுட்பத்தைச் சட்டமறிந்தோர் ரசிக்கலாம். எனினும் வழக்கிட ஒரு பேட்டண்டேனும் அவர் கையிலிருந்தது. தலைமுறையாய் ஊட்ஸ் சமைத்த கொல்லருக்கு அதுவும் இல்லை. அவருடைய அறிவை எழுதி வைக்க நம்மில் எழுத்தறிந்தவர் முன்வரவில்லை. உலையடியை இழிதொழில் என்று ஒதுக்கி, கச்சேரி உத்தியோகத்திற்கே ஓடினர். இது வெள்ளையர் செய்த குற்றமன்று.

ஜப்பானும் 1858 உடன்படிக்கைகளால் சுங்கச் சுதந்தரத்தை இழந்த நாடே. 1911-ல்தான் அதை முழுதும் மீட்டது. ஆனால் அதற்குக் காத்திராமல் பிள்ளைகளைப் பிறநாட்டுப் பட்டறைகளுக்கு அனுப்பிற்று. 1901-ல் யாவாட்டாவில் சர்க்கார் பணத்தில் இரும்பாலை கண்டு, சீனத் தாதைத் தருவித்து உருக்கிற்று. தாது இல்லாதவன் உலை மூட்டினான். தாதுள்ள நாம் 1907-ல் டாட்டா கம்பெனி ஏற்பட்டு, 1912-ல் ஜாம்ஷெட்பூரில் எஃகு வடியும் வரை காத்திருந்தோம்.

சுயராஜ்யம் வந்தபின் சங்கதி நேராயிற்றா? 1934-ல் திறந்த மேட்டூர் அணையும் அதன் மின்சாரமும் இப்பக்கத்தில் ரசாயனத்தையும் அலுமினியத்தையும் கொணர்ந்தன. 1950-க்களில் தொடங்கிய சரக்குக்கூலிச் சமன் ஏற்பாட்டால் எஃகு தேசமெங்கும் ஒரே விலைக்குக் கிடைத்தது. அது நமக்கு லாபம். தாதும் கரியும் தந்த பீகாருக்கு நஷ்டம். 1990-க்களின் தொடக்கம் வரை நாம் அனுபவித்த இச்சலுகையைப் பேசுவோர் இங்குச் சிலரே. சேலம் உருக்காலைக்காகத் தமிழ்நாடு 1967-ல் எழுச்சி நாள் கொண்டாடிற்று. 1970-ல் இந்திரா காந்தி அஸ்திவாரம் நாட்டினார். 1981-ல் உற்பத்தி தொடங்கிற்று. தொடங்கியது உலையன்று, வெளியிலிருந்து வந்த தகட்டை மெலிதாக்கும் ஆலை. சொந்தமாக எஃகு உருக்கும் பகுதி வர 2010 ஆயிற்று. அங்கும் கஞ்சமலைத் தாது உருகவில்லை. அது தரத்திற் குறைந்தது, கட்டுப்படியாகாது என்கின்றனர் நிபுணர். கணக்கு அவ்வாறே இருக்கலாம். ஆனால் நாற்பது ஆண்டு இடைவெளியில், குறைந்த தரத் தாதைச் செறிவாக்கும் வித்தையில் எத்தனை சேலத்து வாலிபர் தேர்ந்தனர் என்ற கணக்கையும் யாரேனும் எடுத்துக் காட்டினால், நாம் அதை இப்பத்தியிலேயே வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.