தலைக்கு மேலே 59 சென்டிமீட்டர்

உயரம் தாண்டுதல் போட்டியைக் காண்போர் முதலில் கவனிப்பது வீரர்களின் உயரத்தைத்தான். உலகின் முன்னணி வீரர்கள் பலர் 1.90 மீட்டருக்கும் மேல் வளர்ந்தவர்கள். சுவீடன் நாட்டு வீரர் ஸ்டெஃபான் ஹோல்மின் உயரமோ 1.81 மீட்டர்தான். எனினும், 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றவர் அவரே.

உயரமானவருக்கு இவ்விளையாட்டில் உண்மையாகவே ஒரு சாதகம் உண்டு. தாண்டும் வீரர் தம் உடலின் எடை மையத்தை மேலே உயர்த்த வேண்டும். உயரமானவரின் எடை மையம் அவர் தரையில் நிற்கும்போதே சற்று மேலே இருக்கிறது. ஆகவே, அவர் அதை மேலும் உயர்த்த வேண்டிய தூரம் குறைவு. உயரம் குறைந்தவர் இந்த வேறுபாட்டை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும்.

ஹோல்ம் கண்ட வழி வேகம். அவர் மிக விரைவாக ஓடிவந்து தாண்டினார். ஓடிவரும் பாதையின் இறுதிப் பகுதி வளைவாக இருக்கும். கடைசி அடியில் ஒரு காலை உறுதியாக ஊன்றும்போது, முன்னோக்கிய வேகத்தின் ஒரு பகுதி மேல்நோக்கி மாறுகிறது. பிறகு முதுகு கம்பை நோக்கியிருக்க, உடலை வில்லாக வளைத்து, தலை, தோள், இடுப்பு, கால் என ஒவ்வொன்றாகக் கம்பைக் கடக்க வேண்டும். வேகம் கூடினால் ஊன்றும் காலில் விழும் தாக்கமும் கூடும். கால் வைக்கும் இடம் சற்றுப் பிசகினாலும் கம்பு விழுந்துவிடும். ஆதலால், ஹோல்ம் தம் தந்தை ஜானி ஹோல்மிடம் பயிற்சி பெற்று, அதே அசைவுகளை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பழகினார்.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அவருக்குக் கிடைத்தது நான்காம் இடமே. நான்கு ஆண்டுகள் கழித்து ஏதென்ஸில், 2.34 மீட்டர் உயரத்தைத் தாண்டும் முயற்சியில் இருமுறை தவறினார். தொடர்ந்து மூன்று முறை தவறியவர் போட்டியிலிருந்து விலக வேண்டும் என்பது விதி. எஞ்சியிருந்த ஒரே வாய்ப்பில் அவர் கம்பைக் கடந்தார். அடுத்து 2.36 மீட்டரையும் தாண்டித் தங்கம் வென்றார். 2005ஆம் ஆண்டு மாட்ரிட்டில் நடைபெற்ற ஐரோப்பிய உள்ளரங்குப் போட்டியில் 2.40 மீட்டரைத் தாண்டினார். அது அவர் தலைக்கு மேலே 59 சென்டிமீட்டர்! 1978இல் அமெரிக்க வீரர் ஃபிராங்க்ளின் ஜேக்கப்ஸ் படைத்த சாதனைக்கு அது ஈடாக அமைந்தது.

ஆனால், பயிற்சி எப்போதும் பதக்கத்தைப் பெற்றுத் தருவதில்லை. 2007ஆம் ஆண்டு ஒசாகாவில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியில் பஹாமாஸ் வீரர் டோனல்ட் தாமஸ் தங்கம் வென்றார். கூடைப்பந்து வீரரான அவர் உயரம் தாண்டத் தொடங்கியது 2006இல்தான். சிறுவயது முதல் தாண்டிப் பழகிய ஹோல்முக்கு அங்கு நான்காம் இடமே கிட்டியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் நான்காவதாக வந்த அவர், அவ்வாண்டே ஓய்வு பெற்றார்.

பிறரின் உடல்வாகும் திறனும் ஹோல்மின் கட்டுப்பாட்டில் இல்லை. தம் ஓட்டத்தையும் காலடியையும் செம்மைப்படுத்துவது மட்டுமே அவர் கையில் இருந்தது. அதை அவர் முழுமையாகச் செய்தார்.