எந்த வீட்டுக்குக் கூட்டிப் போவது?

“இனி நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.”

டாக்டர் இப்படிச் சொன்னதும் பெற்றோர் இடிந்து போகிறார்கள். தாராவியிலோ ஆண்டாப் ஹில்லிலோ ஒற்றை அறையில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இன்னொரு கேள்வியும் எழுகிறது: எந்த வீட்டுக்கு? இங்குள்ள அறைக்கா, திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊருக்கா?

குணப்படுத்த வழியில்லை என்பதும், பிள்ளைக்குச் செய்ய ஒன்றுமில்லை என்பதும் ஒன்றல்ல. வலியைத் தணிக்கலாம், மூச்சுத் திணறலைக் குறைக்கலாம், அம்மாவின் மடியில் இருக்கச் செய்யலாம். ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படுமுன் அதற்கான ஏற்பாடுகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வலிக்கு மருந்து

கடும் வலிக்கு வாய்வழி கொடுக்கும் மருந்து மார்பின். பிள்ளையின் எடைக்கேற்ப டாக்டர் அளவு எழுதுவார். சாதாரண மார்பினை வழக்கமாக நான்கு மணிக்கு ஒரு முறை கொடுக்கச் சொல்வார்கள். வலி வரட்டும் என்று காத்திராமல் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். ‘போதைப் பழக்கமாகிவிடுமே’ என்று பயந்து நிறுத்திவிடுவோர் உண்டு. டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகக் கொடுக்கும்போது அந்தப் பயம் வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேளுங்கள். மற்றப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, இம்மருந்து கிடைப்பதில் இருந்த தடைகள் தளர்த்தப்பட்டன.

ஊரா, மும்பையா?

ஊர் போய்ச் சேர ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை நாள். போவதென்றால் பிள்ளைக்குத் தெம்பு இருக்கும்போதே போய்விட வேண்டும். சிகிச்சைக்கு வந்து திரும்பும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் கட்டணமில்லை, துணைக்குச் செல்பவருக்கு 75 சதவீதச் சலுகை. ஆஸ்பத்திரிச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடி வந்து பார்க்கும் வலி தணிப்புச் சேவையும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

இங்கேயே இருப்பதென்றால், பரேல் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் வலி தணிப்புப் பிரிவு உண்டு. முற்றிய புற்றுநோயாளிகளைப் பராமரிக்க பாந்த்ராவில் 1986-இல் தொடங்கப்பட்ட சாந்தி அவேத்னா சதன், இந்தியாவின் முதல் அந்திமகால இல்லம்.

கேட்க வேண்டியவை

இரவு இரண்டு மணிக்கு வலி கூடினால் யாருக்குப் போன் செய்வது? மருந்து தீர்ந்தால் எங்கே வாங்குவது? வீட்டில் உயிர் பிரிந்தால் எந்த டாக்டர் சான்று எழுதுவார்? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் புறப்படாதீர்கள். மயானத்தில் அந்தச் சான்றைக் கேட்பார்கள்; இறப்பை 21 நாட்களுக்குள் பதிவும் செய்ய வேண்டும். இந்தியோ மராத்தியோ பிடிபடாவிட்டால், தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கடைசி நாட்களில் பசி குறைவது நோயின் போக்கு. வற்புறுத்தி ஊட்ட வேண்டாம். உதட்டை ஈரத்துணியால் நனைத்தால் போதும். பிள்ளை ஏதாவது கேட்டால் பொய் சொல்லி மழுப்பாமல், அதன் வயதுக்குப் புரியும்படி பதில் சொல்லுங்கள். அண்ணன் தங்கைகளையும் ஒதுக்கி வைக்காதீர்கள்.

ஊரார் ‘ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கலாமே’ என்பார்கள். வலியில்லாமல், தன்னைச் சேர்ந்தவர்கள் நடுவே பிள்ளை கண் மூடுமானால், அந்தப் பெற்றோர் அதைக் கைவிட்டவர்கள் அல்லர்.