யார் செய்த பாவம்?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நடந்து செல்வோர், வெள்ளைக்கோல் ஊன்றி வரும் பார்வையற்ற அன்பர்களைக் கண்டிருப்பர். 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடும் ஆலயங்களும் அதே வட்டாரத்தில் உண்டு. இவ்விரண்டையும் ஒருசேரக் காணும்போது, யோவான் எழுதிய சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று இயேசுவிடம் கேட்டார்கள். இரண்டுமே இல்லை என்றார் அவர்.

அந்தக் கேள்வி இன்றும் ஓயவில்லை. ஆட்டிசம் அல்லது டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையின் தாயைப் பார்த்து, "எந்த ஜென்மத்து வினையோ!" என்கிறார்கள் உறவினர்கள். ஆலயத்திலோ, "விசுவாசம் போதவில்லை, இன்னும் ஜெபியுங்கள்" என்கிறார்கள். சொற்கள்தாம் வேறு, குற்றச்சாட்டு ஒன்றே. பிள்ளையைச் சுமப்பதைவிட இந்தப் பழியைச் சுமப்பதே பெற்றோருக்குப் பெரும்பாரம்.

விஞ்ஞானமும் இந்தப் பழியை ஏற்பதில்லை. மனித உயிரணுவில் பொதுவாக 46 குரோமோசோம்கள் இருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரும்பாலோருக்கு 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாகி 47 ஆகிவிடுகிறது. 1959-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். இதில் தாயின் குற்றமோ தந்தையின் குற்றமோ ஏதுமில்லை.

சுவிசேஷத்தில் அந்த மனிதன் பார்வை பெற்றான். நம் பிள்ளைகளில் பலருக்கு அத்தகைய மாற்றம் நிகழ்வதில்லை. அப்படியானால் ஜெபம் வீணா? தம் உடலில் இருந்த முள்ளை நீக்கும்படி பவுல் அப்போஸ்தலர் மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, தாங்கும் கிருபையே கிடைத்தது. அவருக்கு விசுவாசம் குறைவு என்று எவரும் சொல்வதில்லையே! ஆதலால், ஜெபிக்கிறோம் என்பதற்காக மருத்துவரையும் பயிற்சியையும் ஒதுக்கிவிடலாகாது.

பிள்ளையின் பேச்சிலோ நடத்தையிலோ ஐயம் தோன்றினால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சமூகநல இலாகாவில் பதிந்து ஓ.கே.யூ. அட்டை பெறலாம். அட்டை வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று சிலர் தயங்குகிறார்கள். அது வெட்கச் சீட்டு அன்று. உதவிகளுக்கு வழி திறக்கும் சாவி. கல்வி அமைச்சின் சிறப்புக் கல்வி வகுப்புகளும், 1984-இல் திரெங்கானுவில் தொடங்கி நாடெங்கும் பரவிய பி.டி.கே. சமூக மறுவாழ்வு நிலையங்களும் உள்ளன.

திருச்சபைக்கும் இதில் பொறுப்பு உண்டு. கிள்ளானில் லூர்து அன்னை ஆலயத்தை அறிந்த நேயர்களுக்கு ஒரு செய்தி. கடுமையான குறைபாடுள்ள இரு மகன்களுடன் பிரான்ஸில் ஒரு தம்பதியர் லூர்து யாத்திரையில் சேர விரும்பினர். பிள்ளைகளைக் காட்டி இடம் மறுத்துவிட்டார்கள். அந்த வேதனையே வித்தாகி, 1971 ஈஸ்டர் காலத்தில், இத்தகைய பிள்ளைகளும் குடும்பத்தாரும் நண்பர்களுமாக ஏறத்தாழ 12,000 பேர் லூர்து நகரில் கூடினார்கள். 'விசுவாசமும் ஒளியும்' என்ற இயக்கம் அவ்வாறு பிறந்தது.

அவ்வளவு பெரிதாக நாம் செய்ய வேண்டியதில்லை. ஆராதனை நடுவே ஒரு பிள்ளை சத்தமிட்டால் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காதிருப்போம். ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, தாயை ஓய்வாக அமரச் செய்வோம். "எங்களுக்குப் பின் யார்?" என்பதே பெற்றோரின் தீராக் கவலை. அதற்கு விடை சொல்ல வேண்டியது சபையார் அனைவருமே.

அதே அதிகாரத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. விசாரணைக்கு அழைக்கப்பட்ட பெற்றோர், ஜெபஆலயத்திலிருந்து விலக்கப்படுவோமோ என்று அஞ்சி, மகனையே கேட்கச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். நம் ஆலயங்களில் எந்தப் பெற்றோருக்கும் அந்த அச்சம் வேண்டாம். யார் செய்த பாவம் என்று கேட்பதை விட்டு, நாம் செய்ய வேண்டியது என்ன என்று கேட்போம்.