மீன் சமையல்: எண்ணெயும் குறைவு, நேரமும் குறைவு

ஆட்டிறைச்சி வேக முக்கால் மணி நேரம் பிடிக்கும். மீன் துண்டுக்குப் பத்து நிமிடம் போதும். காரணம் மீனின் உடலமைப்பு. அதன் உடல் எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்வதால், நிலத்து விலங்குகளைப் போன்ற உறுதியான தசைக்கட்டு அதற்குத் தேவைப்படுவதில்லை. மீனின் தசையிழைகள் குட்டையானவை. அவற்றைப் பிணைக்கும் சவ்வும் சொற்பம். இளஞ்சூட்டிலேயே அந்தச் சவ்வு இளகி, சதை ஏடு ஏடாகப் பிரிந்து வருகிறது. அதற்கு மேலும் அடுப்பில் கிடந்தால் சதையிலுள்ள நீர் வெளியேறி, மீன் சக்கையாகிவிடும். மிதமான சூடு, குறைந்த நேரம் என்பதே எல்லா வகை மீன் சமையலுக்கும் அடிப்படை.

சத்துக்கும் அதுவே நல்லது. மீனில் எளிதில் செரிக்கும் புரதம் உண்டு. மத்தி, அயிலை எனப்படும் கானாங்கெளுத்தி போன்ற மலிவான மீன்களில் இதயத்துக்கு நலம் தரும் ஒமேகா 3 கொழுப்பு நிறைய இருக்கிறது. எண்ணெயில் முழுக மூழ்கப் பொரிக்கும்போது சமையல் எண்ணெய் மீனுக்குள் ஏறுகிறது; மீனின் நல்ல கொழுப்பில் ஒரு பங்கு எண்ணெயில் இறங்கிவிடுகிறது.

வாங்குவதும் கழுவுவதும்

நல்ல மீனின் கண் தெளிவாகவும் சற்றுப் புடைத்தும் இருக்கும்; செவுள் சிவந்திருக்கும்; விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் சதை மீண்டு எழும். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை ஆகியவற்றை ஐஸில் வைக்காமல் விட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகி ஒவ்வாமை போன்ற தொல்லை தரும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. அதனால் சந்தையில் மற்ற சாமான்களை முடித்துக்கொண்டு, கடைசியாக மீன் வாங்கி நேரே வீடு திரும்புவது நல்லது.

செதில், செவுள், குடல் நீக்கி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசி அலசினால் வழுவழுப்பு போகும். மீன் வாடைக்குக் காரணமான ட்ரைமெத்திலமீன் காரத்தன்மை கொண்டது. புளி, எலுமிச்சை, தக்காளி ஆகியவற்றின் அமிலம் அதை அடக்குகிறது. எலுமிச்சைச் சாற்றில் கால் மணி நேரம் ஊறினால் போதும். மணிக்கணக்கில் ஊறினால் மீன் விறைத்துவிடும்.

குழம்பு

புளிக்கரைசலும் மசாலாவும் பச்சை வாசனை போகக் கொதித்து, சற்றுக் கெட்டியான பிறகுதான் மீன் துண்டுகளைப் போட வேண்டும். தீயைக் குறைத்து ஏழெட்டு நிமிடம் வைத்தால் வெந்துவிடும். கரண்டி விட்டுக் கிளறினால் துண்டுகள் உடையும். சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து மெல்ல அசைத்துவிட்டாலே போதும். மண்சட்டி சூட்டை இறுக்கிப் பிடித்திருப்பதால், மீன் முழுதாக வேகும் முன்னரே அடுப்பை அணைத்து மூடி வைக்கலாம்.

ஆவியும் வாழை இலையும்

துளி எண்ணெய் இல்லாத முறை ஆவியில் வேகவைப்பது. இட்லிப் பானையே இதற்குப் போதும். பார்சிகளின் பத்ரானி மச்சி, வங்காளத்தின் பாதுரி இரண்டிலும் மீன் வாழை இலைப் பொதிக்குள்தான் வேகிறது. கேரளத்தின் மீன் பொள்ளிச்சதில் அதே பொதி கல்லில் வாட்டப்படுகிறது. பச்சை இலையை அப்படியே மடித்தால் கிழியும். நடுநரம்பைச் சீவிவிட்டு, தணலின் மேல் மெதுவாக நகர்த்தினால், சூடு பட்ட இடமெல்லாம் மங்கிய பச்சை மாறிப் பளபளப்பாகும். இலையும் துணிபோல் வளைந்துகொடுக்கும். தேங்காய், கொத்தமல்லி, பச்சை மிளகாய், பூண்டு அரைத்த விழுதை வவ்வால் அல்லது சங்கரா மீனில் தடவி, பொதியாகக் கட்டி ஆவியில் வைத்தால் 12 முதல் 15 நிமிடத்தில் தயாராகும்.

தோசைக்கல் வறுவல்

வறுவல் வேண்டுமென்றால் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். மசாலா தடவிய மீனில் ஈரம் சொட்டக் கூடாது. கல்லும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மீனைப் போட்டதும் ஒட்டுவது இயல்பு. அவசரப்பட்டுத் திருப்பினால் தோல் கல்லோடு போய்விடும். அடிப்பக்கம் முறுகியதும் அதுவே கல்லை விட்டு எழும்பி வரும். அப்போது ஒரே முறை திருப்பினால் போதும். மிஞ்சிய எண்ணெயை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

சிறு மீன்கள்

மத்தியைப் புளி, மிளகு, பூண்டுடன் பிரஷர் குக்கரில் வைத்தால் முள்ளும் மெத்தென்று வெந்து சதையோடு சாப்பிட வரும். அந்த முள் நல்ல கால்சியம். அதற்கு மாறாக, சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

வெந்ததை அறிவது

ஓர் அங்குலப் பருமனுக்குப் பத்து நிமிடம் என்பது பொதுக்கணக்கு. நடுமுள்ளை ஒட்டிக் கத்தி முனையால் நெம்பிப் பார்த்தால் தெரியும்: கண்ணாடி போல் மினுங்கினால் வேகவில்லை, பால் நிறமாகி ஏடாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. சமையல் வெப்பமானி உள்ள வீட்டில் உட்சூடு 63 டிகிரி செல்சியஸ் வந்தால் இறக்கலாம்.

மறுநாள் மீன் குழம்பின் ருசிக்காக மீதி வைப்பது வழக்கம். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் அதை ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, வேண்டிய அளவை மட்டும் எடுத்து ஒரு முறை நன்றாகக் கொதிக்கவிட்டுப் பரிமாற வேண்டும்.