தொப்பூர் இறக்கத்தில்

தர்மபுரியிலிருந்து சேலத்தை நோக்கிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்குகிற தொப்பூர் கணவாயை அறியாத லாரி ஓட்டுநர் தென்னாட்டில் அரிது. வடக்கேயிருந்து பாரம் சுமந்து வருகிறவர்களிற் சிலர், இறக்கம்தானே என்று டீசலை மிச்சம் பிடிக்க எண்ணி, வண்டியை நியூட்ரலில் விட்டுவிடுகிறார்கள். தாழ்ந்த கியரில் இருக்கும்வரை எஞ்சினே சக்கரங்களை இழுத்துப் பிடித்து வேகத்தை அடக்கும். நியூட்ரலில் விட்டபின்னரோ அந்தப் பொறுப்பு முழுவதும் பிரேக்கின் தலையில் விழ, மிதிக்க மிதிக்க டிரம்மும் லைனிங்கும் உஷ்ணமேறிப் புகைந்து, கடைசியில் பிடிமானத்தையே இழந்துவிடுகின்றன. வேகம் இரட்டித்தால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பது பௌதிக சாஸ்திரம். முன்னே ஊர்ந்து செல்லும் கார்கள்மீது அத்தனை பாரமும் வந்து மோதும்போது, உள்ளிருப்பவர் தப்புவது தெய்வாதீனமே.

அங்குள்ள இரட்டைப் பாலத்தருகே, அத்தகைய விபத்து நிகழ்ந்து சில நிமிஷங்களே ஆகியிருந்த வேளையில், நான் போய்ச் சேர நேர்ந்தது. கருகிய லைனிங்கின் நெடி மூக்கைத் துளைத்தது. தக்காளிப் பெட்டிகள் சாலையெங்கும் உடைந்து கிடந்தமையால், எது பழச்சாறு, எது மனித ரத்தம் என்று பிரித்தறிய இயலவில்லை. நசுங்கிப்போன காரின் இண்டிகேட்டர், இடப்புறம் ஒதுங்க நினைத்து ஓட்டியவர் போட்டது, இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

கூட்டம் கூடியிருந்தது, கைகள்தாம் நீளவில்லை. “தொட்டால் நாளைக்குக் கோர்ட்டுக்கு அலையணும்” என்றார் ஒருவர். “விதி” என்று பெருமூச்செறிந்தார் மற்றொருவர். அப்போது பின்னால் வந்த லாரியிலிருந்து குதித்த நடுவயது ஓட்டுநர் ஒருவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தம் தோளிலிருந்த துண்டை மடித்து, காயமுற்றவரின் தொடையில் ரத்தம் பெருகும் இடத்தில் வைத்து அழுத்தினார். தண்ணீர்ப் பாட்டிலுடன் நெருங்கிய இளைஞனிடம், “வேண்டாம் தம்பி, மயக்கத்துல புரையேறிடும். கழுத்தையும் அசைக்காதே” என்றவர், என்னைப் பார்த்து, “சார், இதை இப்படியே அழுத்திப் பிடிங்க, நான் 108க்குப் பேசிடறேன்” என்றார். என் உள்ளங்கையின்கீழே அந்த மனிதருடைய நாடி துடித்துக்கொண்டிருந்தது. அரைமயக்கத்தில் அவர் கேட்டது ஒன்றே: “மணி என்ன ஆச்சு?” சேலத்தில் எங்கோ, எதற்கோ, யாரோ அவருக்காகக் காத்திருந்திருக்க வேண்டும்.

அவர் பிழைத்தார் என்று பின்னர் அறிந்தேன். பின்சீட்டில் இருந்தவர் பிழைக்கவில்லை.

சரீரம் அநித்தியம் என்று நாம் பேசாத நாளில்லை. ஆனால் அந்த ஞானம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குச் சமாதானமாகிவிடுமாயின், அதைக் காட்டிலும் கொடிய அஞ்ஞானம் வேறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நிலையாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், அது அமைந்த துறவறவியலை அருளுடைமையிலிருந்துதானே தொடங்கினார்? ஒரு க்ஷணத்தில் அணைந்துவிடக்கூடியது ஜீவன் என்பதனால்தான், அந்த க்ஷணத்தில் அருகில் இருப்பவனுடைய கடமை அத்தனை பெரிதாகிறது.

கோர்ட்டைப் பற்றிய பயத்துக்கும் இன்று ஆதாரம் இல்லை. உதவுகிறவரைத் துன்புறுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதிசெய்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது வழக்குத் தொடர இடமளிக்கவில்லை. அவர் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. செலவுக்கு அஞ்சுவோருக்கு, தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எம்மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

ஆகவே வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: சாலையில் ஒருவர் விழுந்து கிடக்கக் கண்டால், வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்டிவிட்டு இறங்குங்கள், 108ஐ அழையுங்கள், ரத்தம் பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவரருகிலேயே இருங்கள்.